பச்சை உறை, வெள்ளைப் பொடி

மாத்திரை தொண்டையைத் தாண்டி இறங்கிய பிறகுதான், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தும்பிக்கு உறைத்தது.

அவன் அதைத் திருடவில்லை. மரங்கள் பூக்கும் பருவம் வந்துவிட்டால் அவன் மூக்கு அவன் பேச்சைக் கேட்காது. தும்மித் தும்மியே தும்பி என்று பெயர் வாங்கியவன். அந்த வீட்டு வாசலில் நின்ற மரம் வேறு உச்சி முதல் அடிவரை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்து சாப்பாட்டு மேஜை அருகே உட்காருவதற்குள் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஆள் பாதியாகிவிட்டான். நிமிர்ந்து பார்த்தால் எதிர் அலமாரியில் அதே டப்பா. அவன் அக்கா பருவம் தவறாமல் வாங்கித் தரும் அதே பச்சை உறை மாத்திரை. ஆப்பிள் தோலிலும் வெங்காயத்திலும் இருக்கிற ஏதோ தாவரச் சத்தைப் பிரித்தெடுத்துப் பொடியாக்கி அடைத்தது. டப்பாவில் ஃபிளேவனாய்டு என்று போட்டிருக்கும். அது தும்மலை நிறுத்துகிறதா, நிறுத்தும் என்ற எண்ணம் நிறுத்துகிறதா என்று தும்பி ஆராய்ந்ததில்லை. மூடியைத் திறந்தான், டப்பாவைக் குலுக்கினான், ஒன்றை எடுத்து வாயில் போட்டு அங்கிருந்த தண்ணீரைக் குடித்தான். தன் வீடு போல நடந்துகொள்வது அவனுக்குப் பழக்கம். இந்த வேலைக்கு வருமுன் வீடு வீடாக ஏறித் தண்ணீர் வடிகட்டி விற்றவன்.

அப்போதுதான் உள்ளறையில் ஓர் ஆண் அழுகிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. மாமா வெளியே வந்தார். தும்பியின் அக்காவை மணந்தவர். தீப்பிடித்த கடைகளைப் பார்த்து நெருப்பு தானாக வந்ததா, ஆள் வைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிவந்தவர். இப்போது அதே மூக்கை மனிதர்கள் பக்கம் திருப்பித் துப்பறிகிறார். தும்பி அவருக்கு உதவியாள். "ஒரு வீட்டுக்கு உடனே வா" என்று போனில் சொன்னாரே தவிர, என்ன ஏது என்று சொல்லவில்லை.

"மாப்ள, அந்த டப்பாவைத் தொடாதே."

"எந்த டப்பா மாமா?"

"உன் கை பக்கத்துல இருக்கே, அது."

தும்பி கையை இழுத்துக்கொண்டான். "ஏன், விலை அதிகமோ?"

"இந்த வீட்டம்மா வானொலியில செய்தி வாசிக்கிறவங்க. நேத்து காலையில வாசிச்சு முடிச்சதும் அங்கேயே மயங்கி விழுந்தாங்க. இன்னும் கண் முழிக்கல. இந்த மாத்திரைதான் காரணமோன்னு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க. வாங்கிக் கொடுத்தது புருஷன். அதனால சொந்தக்காரங்க எல்லாரும் அவரை ஒரு மாதிரி பாக்கறாங்க."

பின்னால் வந்து நின்றார் அந்தக் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மூக்குக்கண்ணாடியே துடைக்கப்படாமல் மங்கிக் கிடந்தது.

தும்பி டப்பாவையும் தான் தண்ணீர் குடித்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான்.  

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாத மூஞ்சி இப்படி இருக்காது."

"ஒண்ணு... ஒரே ஒண்ணு. தும்மல் தாங்கல. நம்ம வீட்டு மாத்திரைதானேன்னு..."

மாமா கோபித்திருந்தால் தும்பிக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு, டப்பாவில் மேலாக இருந்த ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டின் மேல் வைத்து உறையைப் பிரித்தார். பொடி கொட்டியது. தட்டின் மேல் பொடி விழுந்ததே தெரியவில்லை. தட்டும் வெள்ளை, பொடியும் வெள்ளை.

"இது என்ன நிறத்துல இருக்கணும்?" என்றார் மாமா.

தும்பிக்குத் தெரியும். போன பருவத்தில் ஒரு மாத்திரை சட்டைப் பையிலேயே உடைந்துபோய், அக்கா என்னென்னவோ போட்டுத் துவைத்தும் கறை போகாமல், அந்தச் சட்டை இப்போது தரை துடைக்கிறது.

"மஞ்சள்," என்றான். தன் குரல் அடுத்த அறையிலிருந்து வருவது போல இருந்தது. "நல்ல பளிச்சுனு மஞ்சள்."

"கிளம்பு," என்றார் மாமா. "டப்பாவும் தட்டும் நம்மகூட வரணும். சார், வண்டிச் சாவியை எடுங்க."

தும்பி எழுந்தான். அவ்வளவு நேரம் விடாமல் வந்த தும்மல் நின்றுபோயிருந்தது. பயத்தாலா, மருந்தாலா? அந்தக் கேள்விதான் அவனை உலுக்கியது. இனிமேல் உடம்பில் எது நடந்தாலும் அது எதனால் என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை.

மாமா வாசல் வரை போனவர் சட்டென்று சமையலறைக்குள் திரும்பினார். வரும்போது கையில் ஒரு மரக்கரண்டி. குழிப்பகுதி முழுக்க மஞ்சள் ஏறிப்போயிருந்தது.

"மாமா, நான் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க பாத்திரம் எடுத்துட்டு வர்றீங்க."

"பேசறே இல்ல? பேசிக்கிட்டே வா. நிறுத்தினாதான் எனக்குப் பயம்."

கண்ணாடிக்கடைக்காரர்தான் வண்டியை ஓட்டினார். பின்சீட்டில் தும்பி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டான். தெரு வழக்கம்போல இருந்தது. தையல் கடை வாசலில் ஒருவர் துணியை உதறிக்கொண்டிருந்தார். ஒரு பெண் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். இவர்களெல்லாம் சாயங்காலம் இருப்பார்கள், நான் இருப்பேனா என்று நினைக்கும்போதே அவனுக்கு ஒரு கொட்டாவி வந்தது. வந்ததும், ஆரம்பிச்சிடுச்சு என்று நினைத்தான். நினைத்ததும் இன்னொன்று வந்தது.

முன்சீட்டில் மாமா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

"அவ மாத்திரை முழுங்க மாட்டா சார். ஒரு தடவை தொண்டையில சிக்கி மூச்சு முட்டிப்போச்சு. குரலை வெச்சுப் பிழைக்கிறவ இல்லையா, அதுலேர்ந்து பயம். உறையைப் பிரிச்சுப் பொடியைத் தேன்ல குழைச்சு அந்தக் கரண்டியாலதான் சாப்பிடுவா."

"தினமும்?"

"பூக்கிற காலம் முழுக்க. செய்தி நடுவுல தும்மினா ஊரே கேக்குமேன்னு ஒரு நாள் விடமாட்டா."

"நேத்தும்?"

"நேத்தும் சாப்பிட்டா. நானே பாத்தேன்."

"பொடி வெள்ளையா இருந்திருந்தா?"

கண்ணாடிக்கடைக்காரர் வண்டியின் வேகத்தைத் தன்னையறியாமல் குறைத்தார். "உடனே என்னைக் கூப்பிட்டிருப்பா. என்ன வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு சண்டைக்கே வந்திருப்பா."

"வேகமா போங்க," என்றான் தும்பி.

"அப்போ நேத்து அவங்களைச் சாய்ச்சது இந்த டப்பா இல்ல," என்றார் மாமா. "அவங்க விழுந்ததுக்கு அப்புறம்தான் யாரோ இதுல வெள்ளைப் பொடியை அடைச்சு வெச்சிருக்காங்க. பழி மாத்திரை மேல போகட்டும்னு. அடைச்சவருக்கு இந்தம்மா பிரிச்சு சாப்பிடறது தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்த வழிக்கே வந்திருக்க மாட்டாங்க. கூடக் குடியிருக்கிற உங்களுக்கு அது தெரியும். அதனால நீங்க இல்ல."

அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார்.

"சார், அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றான் தும்பி. "அந்த லாரி நம்மளைப் பாத்து வருது."

லாரி ஓரமாக விலகிப் போனது. மாமா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "நேத்து அவங்க விழுந்ததுக்கு அப்புறம் உங்க வீட்டுக்குள்ள யார் போனாங்க?"

"யாரும் போகல சார். நான் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்ல. அவளோட சிநேகிதி மட்டும் சாயங்காலம் துணிமணி எடுத்துட்டு வர்றேன்னு சாவி வாங்கிட்டுப் போனாங்க. அவங்களும் வானொலிதான். இவ வராத அன்னிக்கு அவங்க வாசிப்பாங்க. நேத்து ஆம்புலன்ஸ்ல கூட வந்ததே அவங்கதான். தங்கமான மனுஷி. ராத்திரி பூரா பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க. இப்பவும் அங்கதான் இருக்காங்க."

"மாத்திரை சாப்பிடறது பத்தி டாக்டர்கிட்ட முதல்ல சொன்னது யாரு?"

கண்ணாடிக்கடைக்காரர் மாமா பக்கம் திரும்பினார். "அவங்கதான்."

 மாமா கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டில் தும்பி நேற்றைய காலையை நினைத்துப் பார்த்தான். வானொலிக்காரம்மா நேற்று வாசித்து முடித்துவிட்டு எழுந்திருப்பார். நன்றி வணக்கம் என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவரைச் சாய்த்த அதே மருந்துதான் தன் வயிற்றுக்குள்ளும் இப்போது உறை கரைந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஓர் இளம் பெண். தட்டில் இருந்த பொடியைப் பார்த்தார், தும்பியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "எவ்வளவு நேரமாச்சு முழுங்கி?" என்று கேட்டபடியே கையுறையை மாட்டினார். "மாடியில படுத்திருக்கற வானொலிக்காரங்களுக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம். என்ன மருந்துன்னு தெரியாம குத்துமதிப்பாத் தேடறாங்க. முடிவு வர்ற வரைக்கும் அவங்க தாங்கணும். இவருக்காவது முதல்ல வயித்தைக் கழுவிடலாம்."

மூக்கு வழியாகக் குழாய் போனது. தும்பி தன் வாழ்நாளில் அந்த மூக்கைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறான். அதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று இருந்தது. தொண்டை குமட்டிக் குமட்டிக் கண்ணீர் வழிந்தது. தலைமாட்டில் ஏதோ தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டதே தவிர, அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. என்ன நிறம் என்று கேட்க நினைத்தான். குழாய் பேச விடவில்லை. நர்ஸ் தொட்டியைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். டாக்டரும் போனார். மாமாவும் போனார். மூன்று பேரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

பிறகு குழாயை உருவிவிட்டு, கையில் ஊசி குத்திப் பாட்டில் மாட்டிவிட்டு, எல்லோரும் போய்விட்டார்கள்.

யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தக்க செய்தியாக இருந்தால் சொல்லியிருப்பார்களே. தும்பி கூரையைப் பார்த்தான். கண் இமை கனத்தது. அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், மூடினால் வானொலிக்காரம்மா மாதிரி ஆகிவிடுவோம் என்று பிடிவாதமாகக் கண்ணை விரித்துக்கொண்டான். அக்காவின் சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு மாதமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இனி அதை யார் செய்வார்கள்? மாமாவுக்குக் குழாயின் எந்தப் பக்கம் தண்ணீர் வரும் என்றே தெரியாது. வியர்வை கழுத்து வழியாக வழிந்து தலையணையை நனைத்தது.

திரைக்கு வெளியே காலடிச் சத்தம். மாமாவின் குரல்.

"உங்களைத் தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. நீங்க நேத்து கூட இருந்தவங்க, அதனால கேக்கறேன். என் மச்சினன் அந்த டப்பாவுலேர்ந்து ஒரு மாத்திரை முழுங்கிட்டான்."

"எந்த டப்பாவுலேர்ந்து?" ஒரு பெண் குரல். பழகிய, தெளிவான குரல். எங்கோ கேட்டது போல இருந்தது. செய்தியில்தான்.

"அவங்க வீட்டு டப்பாதான். நாடி விழுந்துக்கிட்டே வருதாம். என்ன மருந்துன்னு தெரிஞ்சா மாத்து மருந்து கொடுக்கலாம், தெரியலேன்னா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டாங்க. அவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

நாடி விழுந்துக்கிட்டே வருதா? தும்பி தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். எங்கே துடிக்க வேண்டுமோ அந்த இடமே கிடைக்கவில்லை. கத்த நினைத்தான். தொண்டை புண்ணாகியிருந்ததால் காற்று மட்டும்தான் வந்தது.

திரை விலகியது. நடுத்தர வயதுப் பெண். கசங்கிய புடவை, தூங்காத கண்கள். அவள் தும்பியைப் பார்த்தாள். வெளிறி, நனைந்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அவனைப் பார்த்தாள். தும்பி அவள் கண்ணைப் பார்த்தான். அதில் இருந்தது இரக்கமல்ல. அவனிடம் இருந்த அதே பயம்.

"மேலாப்புல இருந்ததையா எடுத்தார்?" என்றாள்.

மாமா ஓரமாக நகர்ந்து நின்றார்.

"அடியிலேர்ந்து எடுத்திருந்தா பயமில்ல. மேலேர்ந்தா எடுத்தார்? சொல்லுங்களேன்."

"மேலே இருக்கறதுக்கும் அடியில இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மாமா. அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடுவாள் என்று தும்பி நினைத்தான். வழி இருந்தது. மாமா வழியை மறிக்கவும் இல்லை. அவள் ஓடவில்லை.

"வலிப்பு மாத்திரை," என்றாள். "எங்க அப்பாவுக்குக் கொடுக்கறது. டாக்டரைக் கூப்பிடுங்க, பேரு சொல்றேன். சீக்கிரம் கூப்பிடுங்க."

டாக்டர் திரைக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். பெயரைக் கேட்டார், எவ்வளவு என்று கேட்டார். அடுத்த கணம் அவர் தும்பியின் பக்கம் வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். நர்ஸும் பின்னாலேயே ஓடினார்.

"நான் இங்க இருக்கேன்," என்றான் தும்பி, வந்த குரலில்.

அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தூங்கிடணும்னுதான் போட்டேன். அவ ஃபிளாஸ்க்ல, வெந்நீர்ல. மத்தியானம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குரல் தேர்வு இருந்தது. வருஷக்கணக்கா நான் அவ வராத அன்னிக்கு வாசிக்கிறவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளுக்குக் குரல் கம்மி, தூக்கக் கலக்கமா இருந்தா போதும்னு நெனச்சேன். அப்பாவே அதைச் சாப்பிட்டுட்டு நடமாடறார். இவ ஏன் விழுந்தான்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. டாக்டர் என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டதும் வாயில வந்தது அந்தத் தும்மல் மாத்திரைதான். சொன்னதை உண்மையாக்கணுமேன்னு..."

"நேத்தே மருந்து பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் மாமா.

"ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு. ராத்திரி பூரா வந்துச்சு."

மாமா அவளுக்குக் கை கொடுத்து எழுப்பி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தும்பியின் கட்டிலுக்கு வந்தார்.

"நீ எந்திரிச்சு உக்காரலாம் மாப்ள."

"நாடி விழுதுன்னீங்களே."

"உன் நாடி குதிரை மாதிரி ஓடுது. உன் வயித்திலேர்ந்து வந்தது பளிச்சுனு மஞ்சள். நீ முழுங்கினது நல்ல மாத்திரை. நீ டப்பாவைக் குலுக்கினே பாரு, மேல இருந்தது கீழே போய் அடியில இருந்தது உன் கைக்கு வந்திருக்கு."

தும்பி அவரையே பார்த்தான்.  

"உங்களுக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"தெரியும். டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு கண்ணைக் காட்டியிருக்கலாமே மாமா. நான் நடிச்சிருக்க மாட்டேனா?"

"நீ நடிச்சா உங்க அக்காகூட நம்ப மாட்டா. பயந்தா ஊரே நம்பும்." பிறகு மாமா குரலைத் தாழ்த்தினார். "தப்புதான்டா. ஆனா அந்தம்மா வாய் திறக்கலேன்னா மேல இருக்கறவங்க போயிருப்பாங்க. முன்பின் தெரியாத ஒருத்தன் கண்ணு முன்னால சாகறதைப் பாத்துட்டு சும்மா இருக்கற ஆள் இல்ல அவங்கன்னு தோணுச்சு. அதை மட்டும் நம்பித்தான் உன்னைப் படுக்க வெச்சேன்."

"சும்மா இருக்கற ஆளா இருந்திருந்தா?"

மாமா நனைந்த தலையணையை எடுத்துத் திருப்பிப் போட்டார்.

மாலை வெயில் தாழ்வதற்குள் வானொலிக்காரம்மா கண் விழித்தார். டாக்டர் கீழே வந்து சொன்னார். இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அப்பா சாப்பிட்டு நடமாடுகிற அளவே இவரை ஏன் இப்படிச் சாய்த்தது என்று மாமா கேட்டதற்கு, "பழகின உடம்பு வேற, பழகாத உடம்பு வேற. அதோட இந்தத் தாவரப் பொடியெல்லாம் சிலருக்கு வேற மருந்தோட சேர்ந்தா அதோட வேகத்தை ஏத்தி விடலாம். இவங்களுக்கு அதுதான் நடந்ததுன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். தும்பியைப் பார்த்து, "நீங்க வேற எதாவது மருந்து சாப்பிடறதா இருந்தா முதல்ல எங்களைக் கேளுங்க" என்றும் சொன்னார்.

"இனிமே தண்ணி குடிக்கறதுக்கே உங்களைக் கேக்கறேன் டாக்டர்," என்றான் தும்பி.

போலீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். தோழி எல்லாவற்றையும் அவரிடம் மறுபடி ஒருமுறை சொன்னாள், எதையும் மறைக்காமல், செய்தி வாசிப்பது போலத் திருத்தமாக. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. போகுமுன் தன் சிநேகிதி விழித்திருப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும், உள்ளே போக வேண்டாம், வாசலில் நின்றால் போதும்.

அதனால் மாடி வராந்தாவில் அவர்கள் எல்லோரும் நின்றார்கள். தும்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோழி செய்ததை அவர் மனைவியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. ஊரே அறிந்த குரல். இப்போது கரகரத்து, பாதியாகத் தேய்ந்து வந்தது.

"அவ எங்க? என்னைத் தாங்கிப் பிடிச்சது அவதான். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

கணவர் அவள் போர்வையைச் சரிசெய்தார்.

"என் வேலையையும் சேர்த்து அவ தலையில கட்டியிருப்பாங்க, பாவம். ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. வரச் சொல்லுங்க அவளை."

தும்பி பக்கத்தில் பார்த்தான். தோழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள். அதிகாரி இன்னும் அசையக்கூட இல்லை. அதற்குள் அவளே திரும்பி, அவருக்கு முன்னால் படியிறங்கத் தொடங்கினாள்.